வரைபடத்தில் இல்லாத தாங்கல்: ஈரநிலம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம், புதுச்சேரியின் பாகூர் பக்கத்து கிராமம் ஒன்றில் நாலு கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரு தாங்கல் (மழைநீர் தேங்கும் சிறு ஏரி) கரையில் நின்றிருந்தேன். அவர்களுடைய லேப்டாப்பில் அந்த இடம் 'புதர் நிலம்' என்று இருந்தது. எதிரே கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. நடுவில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அதில் இரண்டு நத்தைகுத்தி நாரைகள். "சார், மேப்புல இது வெட்லேண்ட் இல்லையே, விட்டுடலாமா?" என்று கேட்டான் ஒரு பையன்.

நான் பார்த்ததிலேயே அதிகம் சேதம் செய்வது இந்தத் தவறுதான். வரைபடத்தில் இல்லையென்றால் நிலத்திலும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி விட்டுப்போன குட்டைக்காகப் பிறகு யாரும் பேசுவதில்லை. மனை போட்டபின் பேசி என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில அட்லஸ் 1:50,000 அளவில் தயாரானது. அதில் எல்லை வரைந்து காட்டப்பட்ட ஈரநிலங்கள் எல்லாம் 2.25 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ளவை. 2.25 ஹெக்டேர் என்றால் பக்கத்துக்கு 150 மீட்டர் உள்ள சதுரம். அந்த அளவில் அது தாளில் மூன்று மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே வருவதெல்லாம் வெறும் புள்ளி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஐந்தரை ஏக்கருக்குக் குறைந்த குட்டைக்கு அங்கே உருவமே கிடையாது. நாடு முழுக்க அப்படிப் புள்ளியாக வைக்கப்பட்டவை 5,55,557. எல்லையோடு வரையப்பட்டவை 2,01,503. எது அதிகம் என்று பாருங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தாங்கலும் குட்டையும் பெரும்பாலும் இந்தச் சின்ன ரகம்தான்.

மண் வரைபடம் இன்னும் பரும்படியானது. தேசிய மண் ஆய்வு நிறுவனத்தின் மாநில வரைபடம் 1:250,000 அளவு. தாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் நிலத்தில் பதினைந்து ஏக்கருக்கு மேல். கணினியில் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. கோடு துல்லியமாகத் தெரிகிறதே என்று நம்பி, அந்தக் கோட்டை வைத்து ஒரு சர்வே எண்ணுக்குத் தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தப் பகுதிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த வரைபடம்.

இன்னொரு சிக்கல், வெளிநாட்டுப் பாட வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்வது. அமெரிக்க மண் ஆய்வுத் தரவில், ஒவ்வொரு மண் பிரிவுக்கும் அதில் எவ்வளவு பங்கு நீர் தேங்கி உருவான மண் என்று தனியாகவே ஒரு மதிப்பீடு உண்டு. அங்கேயும் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. 1987-இல் வந்த அவர்களுடைய ராணுவப் பொறியாளர் கையேடு நீர், மண், தாவரம் ஆகிய மூன்றுக்கும் சான்று கேட்கிறது. நம் மண் அறிக்கைகளில் கிடைப்பது பெரும்பாலும் 'வடிகால் தன்மை'தான். 'வடிகால் குறைவு' என்று போட்ட இடமெல்லாம் ஈரநிலம் என்று நிறம் அடித்தால் காட்டுமன்னார்கோயில் நெல்வயல் முழுக்க நீலமாகிவிடும்.

சரி, மண்ணில் என்னதான் பார்ப்பது? அன்றைக்கு அந்தத் தாங்கலின் ஓரத்தில் கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினோம். மேலே கருப்பான சேறு. ஒரு சாணுக்குக் கீழே மண் சாம்பல் நிறமாக மாறியது. அந்தச் சாம்பலுக்குள், கோரை வேர் போன தடமெல்லாம் துரு நிறத்தில் மெல்லிய கோடுகள். ஒரு கட்டியை உடைத்து வெயிலில் காட்டியபோது பிள்ளைகள் போனை உள்ளே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கும். சிவப்பைக் கொடுத்த இரும்பு கரைந்து நகர்ந்துவிட, மண் சாம்பல் ஆகும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கிய இடத்தில் மட்டும் அதே இரும்பு துருவாகப் படியும். இது ஒரு மழைக்கு வருவதல்ல, வருஷா வருஷம் வாரக்கணக்கில் நீர் நின்றதன் தடம்.

இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்துக் கரிசல் இயல்பிலேயே கருப்பு. கருப்பாக, களியாக இருக்கிறது என்பதற்காக அதைச் சதுப்பு மண் என்று எழுதக் கூடாது. பண்ருட்டி, நெய்வேலிச் செம்மண்ணில் தெரியும் சிவப்பு மஞ்சள் திட்டுகள் பழங்காலச் சிதைவின் மிச்சம், இன்றைய ஈரத்துக்குச் சாட்சி அல்ல. நெல்வயலிலும் மேல்மண் சாம்பலாகலாம். அதனால் ஒரே குழியை வைத்துப் பேசாமல், தாங்கலின் நடுவிலிருந்து மேடு வரை ஒரே கோட்டில் மூன்று நாலு குழி போட்டு, சாம்பல் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்பேன்.

வருவாய்த்துறை ஆங்கிலப் பதிவேடுகளைப் பார்க்கும்போது வரும் குழப்பம் நம்ம ஊருக்கே உரியது. 'வெட் லேண்ட்' என்று பதிவேட்டில் கண்டதும் புது ஆட்கள் ஈரநிலம் என்று குறித்துக்கொள்வார்கள். அங்கே அதற்கு அர்த்தம் நன்செய், பாசனம் பெறும் வயல். உண்மையான ஈரநிலம் 'புறம்போக்கு' என்ற தலைப்புக்குள் ஏரி, குட்டை, தாங்கல், ஓடை என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதிய கிராமக் கணக்கு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் வரைபடம்), புதுச்சேரியில் செட்டில்மெண்ட் நகலையும் முதலில் வாங்கிப் பாருங்கள். சாட்டிலைட் விட்ட குட்டையைப் பலமுறை இந்தப் பழைய தாள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

சாட்டிலைட் படம் எடுத்த மாதத்தைப் பார்க்காமல் விடுவதும் பெரிய தவறு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரை, வைகாசிப் படத்தில் பாதிக் குட்டைகள் வெறும் கட்டாந்தரை. கார்த்திகையிலோ மேகம் மறைக்கும். வெள்ளத்துக்கு மறுநாள் எடுத்த படம் இன்னும் மோசம். 2015 நவம்பர் வெள்ளத்தையோ, 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை தாண்டியதையோ வைத்து வரைந்தால் ஊரே ஈரநிலம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையுள்ள படங்களை நாலைந்து வருஷத்துக்கு எடுத்து, கோடைப் படத்தோடு ஒப்பிடுங்கள். சென்டினல்-2 சாட்டிலைட் படம் பத்து மீட்டர் பிக்சலில் இலவசமாகக் கிடைக்கிறது. மேகம் இருந்தால் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது.

நீர்க் குறியீடு (படத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டு நீலமாக வந்ததை மட்டும் எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி அந்தக் கணக்கில் செடி. பிச்சாவரமே அப்படித்தான். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கண்டல், சுரபுன்னைக் காடு 'காடு' என்று பச்சையாக வரும். பக்கத்து இறால் குட்டையோ வருஷம் முழுக்கப் பளிச்சென்று நீலம் காட்டும். குறியீட்டை மட்டும் நம்பினால் இறால் பண்ணை ஈரநிலம் ஆகிவிடும், பிச்சாவரம் விடுபடும்.

உயரத் தரவு பற்றியும் சொல்லியாக வேண்டும். முப்பது மீட்டர் அளவில் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு (விண்கல ரேடார் எடுத்த உயர அளவு) தரையை மட்டும் அளப்பதில்லை, மரத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறது. கடற்கரையோரச் சவுக்குத் தோப்பு அதில் மேடாக நிற்கும். அதை அறுத்த வயல் பள்ளமாகத் தெரியும். ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசத்தில் தண்ணீர் திசை மாறும் நம் கடலோரத்தில் இந்தப் பிழை முழு நீரோட்டக் கணக்கையும் கெடுத்துவிடும். போர்வெல் நீர்மட்டமும் அப்படித்தான். நெய்வேலியில் சுரங்கத்துக்காக இறைப்பது நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் ஆழ்நீர். அந்த அளவை வைத்து, மேலே களிமண் தாங்கி நிற்கும் குட்டை வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது.

பழைய டோபோஷீட்டை (சர்வே துறை நிலவரைபடம்) புதிய படத்தின் மேல் போடும்போது அடிப்படை ஆயத்தை (டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிடும் அடிப்படை) மாற்றினீர்களா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சின்னக் குட்டை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மாநில எல்லையில் தரவை வெட்டுவதும் அதே போல. ஊசுடு ஏரியில் பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தரும் பங்காரு வாய்க்கால் தமிழ்நாட்டுப் பக்கம் சொர்ணாவூர் அணையில் ஆரம்பிக்கிறது. எல்லைக் கோட்டோடு நிறுத்தினால் ஏரி பாதி, வாய்க்கால் இல்லை.

கடைசியாகச் சட்டம். 2017 ஈரநில விதிகளின் வரையறையில் ஆற்றுப் படுகை, நெல்வயல், குடிநீருக்காகவே அமைத்த நீர்நிலை, பாசனத்துக்கும் உப்பளத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் அமைத்த கட்டமைப்புகள் வராது. ராம்சார் வரையறையோ செயற்கை நீர்நிலைகளையும், கடல் வற்றும் வேளையில் ஆறு மீட்டர் ஆழம் வரையுள்ள கடலையும் சேர்க்கும். எதன்படி எண்ணினோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். விதிக்குள் வராத ஏரியை 'ஈரநிலம் அல்ல' என்று மொட்டையாக எழுதினால், அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அன்று குழியை மூடும்போது, ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். இங்கே தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டேன். "நல்ல மழைன்னா மாசி மகம் வரைக்கும் நிக்கும். தானே புயல் வருஷம் பங்குனியிலயும் இருந்துச்சி. அந்த ஈச்ச மரத்தடி வரைக்கும் வரும்" என்று குச்சியால் காட்டினார். அந்த மரத்தடியில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, அவர் சொன்னதைத் தேதியோடு எழுதிக்கொண்டோம். தரவு அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி ஒன்று சேர்த்தது அந்தப் பையன்தான்.