பழைய கவர்ல இருக்கிற லைக்கனுக்கு டிஎன்ஏ வச்சு பேர் கண்டுபிடிக்கலாம் வாங்க

பிரியாணிக்கு போடுற கல்பாசி ஒரு லைக்கன்தான், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக்குடித்தனம். ஹெர்பேரியத்துல (காயவச்ச செடி, லைக்கன் சேகரிச்சு வைக்கிற இடம்) இதுங்கள காயவச்சு பேப்பர் கவர்ல மடிச்சு மேல பேர் எழுதி வச்சிருப்பாங்க, அந்த பேரை அப்படியே நம்பிடாதீங்க. அமெரிக்க கண்டத்து கோரா லைக்கனை ரொம்ப காலம் ஒரே இனம்னு நினைச்சிட்டு இருந்தாங்க, டிஎன்ஏ பாத்தா 126 இனம், 2014ல வந்த சேதி இது.

முதல்ல அனுமதி வாங்குங்க. வெட்டுனா வெட்டுனதுதான், திரும்ப ஒட்ட முடியாது. டைப் ஸ்பெசிமன் (ஒரு இனத்துக்கு பேர் வைக்க ஆதாரமா வச்ச மாதிரி) பக்கமே போகாதீங்க, இருக்கறதுல புதுசா சேகரிச்சதா எடுங்க, பழசாக ஆக டிஎன்ஏ துண்டு துண்டா உடைஞ்சு போயிருக்கும்.

அடுத்து மைக்ராஸ்கோப்புக்கு கீழ வச்சு ஓரத்துல சுத்தமா இருக்கிற துணுக்கா அரிசி மணி அளவுக்கு வெட்டுங்க. முக்கால்வாசி பேர் சொதப்புறது இங்கதான். பக்கத்துல ஒட்டியிருக்கிற இன்னொரு லைக்கன், லைக்கன் மேலயே வளர்ற குட்டிப் பூஞ்சை எதாவது கூட வந்துட்டா கடைசில அதோட பேர்தான் வரும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிளேடு, இடுக்கி துடைச்சுக்கோங்க.

வெட்டுனதை அசிட்டோன்ல ஊற வைங்க, இல்லன்னா லைக்கன்ல இருக்கிற ஆசிட் பிசிஆரை (டிஎன்ஏவை பல மடங்கு நகல் எடுக்கிற முறை) கெடுத்துடும். அந்த அசிட்டோனை கீழ ஊத்திடாதீங்க!! டிஎல்சி (கலந்திருக்கிற கெமிக்கலை தகட்டுல பிரிச்சு பாக்குறது) பண்ண அதுதான் வேணும்.

அப்புறம் அரைச்சு கிட்ல போட்டு டிஎன்ஏ எடுக்கணும், கூடவே சாம்பிள் எதுவும் போடாத ஒரு ட்யூப் ஓட்டுங்க, பிசிஆர் முடிஞ்சு அதுல பேண்ட் (ஜெல்ல தெரியிற டிஎன்ஏ கோடு) வந்தா எங்கயோ கலந்துடுச்சு. பிசிஆருக்கு ஐடிஎஸ் பகுதி (பூஞ்சை இனத்தை அடையாளம் காண பாக்குற டிஎன்ஏ பகுதி), ஐடிஎஸ்1எஃப் ஐடிஎஸ்4 பிரைமர் (நகல் எங்க ஆரம்பிக்கணும்னு காட்டுற குட்டி டிஎன்ஏ) ஜோடி. ஐடிஎஸ்1எஃப் பூஞ்சைக்குன்னே செஞ்சது, அதனால பாசி தொல்லை கம்மி. பேண்டே வரலையா, டிஎன்ஏவை பத்து மடங்கு தண்ணியாக்கி பாருங்க, அப்பவும் வரலன்னா ஐடிஎஸ்4க்கு பதிலா ஐடிஎஸ்2 பிரைமர் போட்டு பாதி நீளம் மட்டும் எடுங்க, உடைஞ்ச டிஎன்ஏக்கு அதான் கட்டுப்படியாகும்.

பேண்ட் வந்ததை சேங்கர் முறைல டிஎன்ஏ எழுத்து வரிசையை படிக்க குடுங்க, ரிசல்ட் வந்ததும் கிராஃபை கண்ணால பாருங்க, ஒரே இடத்துல ரெண்டு பீக் வரிசையா வந்தா ரெண்டு பூஞ்சை கலந்திருக்கலாம். சுத்தமா இருந்தா பிளாஸ்ட்ல (டிஎன்ஏ வரிசையை ஒப்பிட்டு தேடுற டூல்) போடுங்க, ஆனா முதல்ல வர்ற பேரை காப்பி அடிக்காதீங்க, ஜீன்பேங்க்ல (எல்லாரும் டிஎன்ஏ வரிசையை ஏத்தி வைக்கிற தரவுத்தளம்) பேர் போட்டவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான். உதாரணத்துக்கு பார்மோட்ரீமா பெர்லேட்டம்னு வருதுன்னு வைங்க, எடுத்து வச்ச அசிட்டோன்ல டிஎல்சி ஓட்டுங்க, ஸ்டிக்டிக் ஆசிட் தெரிஞ்சா சரி, சலசினிக் ஆசிட் தெரிஞ்சா பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம்ங்கிற இன்னொரு இனமான்னு சந்தேகப்படணும்.

எல்லாம் முடிஞ்சதும் எவ்வளவு வெட்டுனீங்க, என்னைக்கு, உங்க வரிசையை ஜீன்பேங்க்ல ஏத்தி கிடைச்ச நம்பர் என்னன்னு ஒரு சீட்டு எழுதி அதே கவருக்குள்ள போட்டுடுங்க, பழைய பேர் எழுதின சீட்டை மட்டும் கிழிச்சுடாதீங்க.