இசபெல்லா அரசியைக் களிமண்ணில் செய்வது எப்படி

வெள்ளவத்தையில் என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் புடைப்புச் சிற்பம் பழக்க நான் கொடுக்கும் படம், இத்தாலியின் கொசென்சா பேராலயத்தில் உள்ள பிரான்ஸ் அரசி இசபெல்லாவின் கல்லறைச் சிற்பம். நடுவில் குழந்தையோடு மாதா நிற்கிறார். இடப்பக்கம் இசபெல்லாவும் வலப்பக்கம் கணவர் மூன்றாம் பிலிப்பும் முழந்தாளிட்டுக் கும்பிடுகிறார்கள்.

கதை தெரிந்தால்தான் கை சரியாகப் போகும். 1270இல் வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் மீதான படையெடுப்பில் பிலிப்பின் தந்தை ஒன்பதாம் லூயி இறந்துபோனார். புது அரசரும் அரசியும் இத்தாலி வழியாக ஊர் திரும்பினார்கள். 1271 ஜனவரியில் சவுத்தோ ஆற்றைக் கடக்கும்போது கர்ப்பிணியான இசபெல்லா குதிரையிலிருந்து விழுந்தார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கவில்லை. அந்த மாதம் முடியுமுன் கொசென்சாவிலேயே அவரும் கண்மூடினார்.

சரி, பலகையில் அரை அங்குலத் தடிப்பில் களிமண்ணைத் தட்டிப் பரப்புங்கள். உருவங்களுக்கு மேலே உள்ள மூன்று வளைவுகளையும் குச்சியால் கீறினால் போதும், அலங்காரம் கடைசியில். முதலில் மாதா, அவரே உயரம். உருவம் ஒட்டும் இடத்திலும் பலகை மண்ணிலும் கீறல் போட்டு, களிமண் குழம்பு பூசி அழுத்துங்கள். இல்லாவிட்டால் காயும்போது கழன்று விழும்.

இசபெல்லாவின் உடல் மாதா பக்கம் திரும்பியிருக்கும், முகமோ நம் பக்கம். அந்தத் திருப்பத்தைக் கழுத்திலேயே பிடித்துவிடுங்கள். கண்கள் மூடியிருக்கும், ஒரு கன்னம் வீங்கியதுபோல் இருக்கும். இறந்தவரின் முகத்தில் எடுத்த அச்சைப் பார்த்துச் செதுக்கியது என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். கல்லில் ஓடும் ரேகைதான் அப்படிக் காட்டுகிறது என்பது வேறு சிலரின் கருத்து. எதுவானாலும் அந்தக் கன்னத்தைச் சமப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் எல்லாரும் அரசியை அழகாக்கத்தான் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை. அந்த முகத்துக்காகத்தான் இந்தப் படத்தையே கொடுக்கிறேன். பெருவிரலால் கண்ணிமையை மேலிருந்து கீழே ஒரே தடவை இழுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் முகம் பொம்மை முகமாகிவிடும்.

பிலிப்புக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். அங்கியின் மடிப்புகள் நீளமாக விழுந்தால் போதும்.

மழை மாதங்களில் கொழும்பில் களிமண் மெதுவாகத்தான் காயும். அது நல்லதுதான், விசிறிக் காற்றில் வைக்காதீர்கள். முழுவதையும் பொலித்தீனால் தளர்வாக மூடி வையுங்கள். கூப்பிய கைகள் மெல்லியவை, அவைதான் முதலில் வெடிக்கும். அவற்றின் மேல் மட்டும் ஈரத் துணி போடுங்கள்.