எருக்கஞ்செடி முன் குனிவதற்குள்: பூச்சிப் படமெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பூச்சி பார்க்கணும்னா ஏலகிரி, கொல்லிமலைன்னு போகணும். வடசென்னையில என்ன இருக்கப்போகுது?" புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. முதல் தவறு இந்த எண்ணம்தான். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் எர்ணாவூர் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். கழிவுநீர் கலந்த அந்தத் தண்ணீருக்கு மேலேயே ஆரஞ்சு நிறத் தட்டான்கள் கோரை நுனியில் வந்து உட்காரும். அழுக்குத் தண்ணீரைத் தாங்கிப் பெருகும் இனம் அது. மொட்டைமாடித் தொட்டிச் சுவரில் சிமென்ட் நிறத்திலேயே இன்னொரு தட்டான் ஒட்டியிருக்கும். விரல் நெருங்கிப் பறந்த பிறகுதான் அது இருந்ததே தெரியும்.

அடுத்த தவறு, நேரே பூச்சியிடம் போய்விடுவது. பூச்சியின் கூட்டுக்கண் நம் உருவத்தைவிட நம் அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். கை வீசி நடந்தால் பத்தடி தூரத்திலேயே பறந்துவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்பே அதன் மேல் விழும். பக்கவாட்டிலிருந்து, உடம்பைத் தாழ்த்தி, இரண்டடி வைத்து நின்று, மறுபடி இரண்டடி வைத்துப் போங்கள். விரட்டவே வேண்டாம். தட்டான் பெரும்பாலும் பறந்த குச்சிக்கே திரும்பி வரும். அந்தக் குச்சிக்கு அருகில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் படம் தானாகக் கிடைக்கும். வெயில் ஏறாத காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் போவது உத்தமம். உடம்பு சூடேறாத பூச்சி சற்று மந்தமாக இருக்கும்.

இனி எருக்கஞ்செடி. நம் பக்கத்துக் காலிமனைகளில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இலையடியில் ஒவ்வொரு முட்டையாக இடும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடி கருங்கொம்புகளோடு புழு மேய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் அப்படி ஒரு புழுவுக்கு எதிரே குனிந்திருந்தபோது ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, எருக்கஞ்செடியாண்ட இன்னா பாத்துனுகீறீங்க?" என்றான். காட்டினேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். புழு இலையின் தடித்த நரம்பைக் கடித்தது. வெள்ளைப் பால் துளியாகத் திரண்டு வடிந்தது. பால் வரத்து குறைந்த பிறகு, நரம்புக்கு அப்பாலிருந்த பகுதியை அது நிதானமாகத் தின்னத் தொடங்கியது. நான் அவசரப்பட்டுப் படமெடுத்துக் கிளம்பியிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, நல்ல வெளிச்சத்துக்காக இலையைக் கிள்ளுவதும் கிளையை வளைப்பதும். செடிக்கு மட்டுமா கெடுதல்? எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். செடியைத் தொட்ட கையால் வியர்வையைத் துடைத்தாலே போதும். பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

புழுவை எடுத்து 'அழகான' வேறு செடியில் விடுவதும் வேண்டாம். எருக்கின் இனத்துச் செடிகளில் வளரும் புழு செம்பருத்தியில் பட்டினி கிடந்து சாகும். எலுமிச்சை அழகிப் புழுவுக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை வகையறா வேண்டும். எந்தச் செடியில் இருந்தது என்பதே பாதி அடையாளம். எனவே பூச்சி கட்டத்தை நிறைக்கும்படி எடுத்த பிறகு, செடி தெரிகிற மாதிரி தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கோணத்தில் முப்பது படம் எடுப்பதைவிட நான்கு கோணத்தில் நான்கு படம் மேல். வெந்தய வரியன் எருக்கிலிருந்து பெறும் நச்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் ஒதுக்கும். அதே நிறத்தில் வேஷம் போட்டுப் பிழைக்கிறது இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண். அதன் புழு மேய்வது நம் பருப்புக்கீரையை. வெந்தய வரியனின் பின்னிறகின் நடுவே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். வேஷக்காரிக்கு மேல் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. பின்னிறகு மங்கிய படத்தை வைத்துக்கொண்டு உறுதியாகப் பெயர் சொல்வது கடினம். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சிலவும் இப்படித்தான். உடம்பு சிவப்பாக இருக்கும் நச்சு இனத்தின் இறகைக் காப்பியடிக்கும், ஆனால் உடம்பு கருப்பு. மா, பூவரசு இலைகளில் முசுறு எறும்பு என்று நினைத்து எடுத்ததைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருக்கும்.

கேமரா விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. இறகு விரித்திருந்தால் லென்ஸின் முகப்பு இறகுக்கு இணையாக இருக்கட்டும், அப்போதுதான் முழுதும் தெளியும். பக்கவாட்டில் எடுத்தால் கண் தெளிவாக இருக்க வேண்டும். லென்ஸின் ஒளித்துளையை (அபெர்ச்சர்) எப்/8 அளவில் வைத்துத் தொடங்குங்கள். பிளாஷ் போட்டால் முன்னால் வெள்ளைத் தாளோ டிஷ்யூவோ வைத்து ஒளியைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். செல்போனே வைத்திருந்தாலும் போதும். மூக்கருகே கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பூச்சியை பிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசையிட்டு ஒட்டுபவர்களும் உண்டு. அப்படி எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பொய்ப்படம். பிள்ளைகள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைக்கும் வழக்கத்தையும் நாம் ரசித்துப் பேசியது போதும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. பிடிப்பதும் குத்திவைப்பதும் குற்றமாகலாம்.

இரவில் வெள்ளைத்துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்ப்பவர்கள், விளக்கை விடியும்வரை எரியவிடுவது இன்னொரு தவறு. திகைத்து உட்கார்ந்திருக்கும் பூச்சிகளைப் பல்லியும் காக்கையும் பொறுக்கித் தின்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அணைத்து, துணியை மெதுவாக உதறிவிட்டு வாருங்கள்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய் ஆலை இவற்றின் சுற்றுச்சுவர்ப் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாதீர்கள். புல்லில் இருக்கும் பூச்சியைத்தான் எடுத்தேன் என்றால் காவலுக்கு நிற்பவர் நம்ப வேண்டிய அவசியமில்லை. மீனவக் குப்பங்களுக்குள் போனால் முதலில் பேசுங்கள், "அக்கா, இந்தப் பக்கம் போலாமா?" என்று கேளுங்கள். கொசஸ்தலையாற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு எந்தச் சேறு காலை உள்ளிழுக்கும், எப்போது தண்ணீர் ஏறும் என்பது அத்துப்படி. அலையாத்திச் செடிகளுக்கடியில் சேற்றுக்கு மேல் குச்சி குச்சியாக நிற்பவை அதன் மூச்சுவேர்கள். முட்டி போட இடம் தேடி அவற்றை மிதித்து முறிக்காதீர்கள்.

கடைசியாக, எனக்கே நேர்ந்த இழப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் பரவியது. அலையாத்தித் தண்டுகளில் கருப்பு வளையம் படிந்து நின்றது. அதே கரையில் அதற்கு முன் நான் எடுத்த தட்டான் படங்கள் நிறைய இருந்தன. முன்பு என்னென்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைத் தேடினேன். மூலப் படங்களை இடம் போதவில்லை என்று அழித்திருந்தேன். மிஞ்சியவை நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியவை. அப்படிச் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து எடுத்த நாளும் இடமும் கழன்றுவிடும். ஆவணமாக, அதாவது டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் தங்கியிருக்கும். எந்த மாதம், பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. நாள், நேரம், இடம், செடி ஆகிய நான்கையும் எழுதிவிட்டுத்தான் அங்கிருந்து எழுந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மூலப் படத்தை, உயிரினப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றிவிடுகிறேன்.