பெண்களுக்குப் பொருந்தும் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு உடை: வன்னியில் பார்த்து வாங்கும் முறை

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடைக்குள் போய்ப் பெண்களுக்கான ரைடிங் ஜக்கெட் இருக்கிறதா என்று கேட்டால், ஆண்களுக்குத் தைத்த ஜக்கெட்டில் ஆகச் சிறியதை எடுத்து நீட்டுவதே வழக்கம். சில வேளைகளில் அதில் ஊதா நிறப் பட்டை ஒன்று கூடுதலாக இருக்கும். ஆசிரியை, தாதி, கிராம அலுவலர், வங்கி ஊழியர் என்று ஏ9 வீதியிலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் நாள்தோறும் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் இத்தனை பேர் இருந்தும், அவர்களின் உடலளவை மனத்தில் வைத்துச் செய்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. ஆகவே, கிடைப்பவற்றுள் எது பொருந்தும், எதைத் தையல்காரரிடம் கொடுத்துப் பொருந்தச் செய்யலாம், எதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

பாதுகாப்பு உடை விழும்போது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தார் வீதியில் உடல் இழுபடும்போது தோலுக்குப் பதிலாகத் துணி தேய்கிறது; தோள், முழங்கை, முழங்கால் போன்ற எலும்பு முனைகள் மோதும்போது உள்ளே வைத்திருக்கும் பேட் அந்த அடியை வாங்கிப் பரப்புகிறது. எலும்பின் மேல் நிற்கவேண்டிய பேட் தொளதொளத்த கையினுள் நான்கு விரற்கடை கீழே இறங்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வெறும் சுமைதான். அளவு சரியா என்று பார்ப்பது அழகுக்காக அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

கைச்செலவுக்குள் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க முடியாதவர்கள் முதலில் தலைக்கவசம், அடுத்துக் கையுறையும் சப்பாத்தும், பிறகு முழங்கால் கார்ட், கடைசியில் ஜக்கெட் என்ற ஒழுங்கில் வாங்கலாம். விழும் எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள் என்பதால், ஜக்கெட்டுக்குச் சேர்த்த காசில் முதலில் கையுறையை வாங்கச் சொல்வேன்.

தலைக்கவசம் வாங்கப் போகுமுன் அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியில் வைத்து, பின்தலையின் ஆகப் புடைத்த இடத்தைச் சுற்றி அளந்து சென்ரிமீற்றரில் குறித்துக்கொள்ளுங்கள். பெண் என்றால் தலை சிறியதாக இருக்கும் என்று எண்ணி எஸ் அளவைக் கொடுக்கும் கடைக்காரருக்கு அந்த எண்ணைக் காட்டுவதே போதுமான பதில். போட்டதும் கன்னங்கள் இலேசாக உள்நோக்கி அழுந்த வேண்டும். தலைக்கவசத்தைக் கையால் பிடித்து இடம் வலம் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். நாடிப்பட்டியைப் பூட்டியபின், பின்பக்கக் கீழ்விளிம்பில் விரல் கொடுத்து முன்னோக்கி உருட்டிக் கழற்ற முயலுங்கள். கழன்று வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடையிலேயே கால்மணி நேரம் போட்டிருந்து, கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். நடுநெற்றியில் மட்டும் சிவந்த தழும்பு தெரிந்தால், அளவு சரியாக இருந்தாலும் அதன் வடிவம் உங்கள் தலைக்கு உரியதல்ல.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் வேலைக்குப் போகும்போது எப்படித் தலை வாருவீர்களோ அப்படியே வாரிக்கொண்டு செய்ய வேண்டும். உச்சிக் கொண்டையும் பெரிய கிளிப்பும் தலைக்கவசத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அடிபடும்போது கடினமான கிளிப் தலைக்குள்ளேயே குத்தும். பிடரிக்குக் கீழே தொடங்கும் தளர்ந்த பின்னல்தான் உகந்தது. முக்காடு அணியும் சகோதரிகள் மெல்லிய துணியை ஒரே மடிப்பாகச் சுற்றி, ஊசியைத் தலைக்கவசத்துக்கு வெளியே கழுத்துப் பக்கமாகக் குத்திக்கொண்டு அளவு பார்க்கலாம். தொங்கும் தோடுகளைக் கழற்றிவிடுவது காதுக்கும் நல்லது.

இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ் 517, இந்தியத் தரமான ஐ.எஸ் 4151, ஐரோப்பியத் தரமான ஈ.சி.ஈ 22.05 அல்லது அதற்குப் பின் வந்த 22.06 ஆகியவற்றுள் ஒன்றின் அடையாளம் தலைக்கவசத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமாயின், நாடிப்பட்டியில் தைத்த சிறு துணியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் காணப்படும். அடியை உண்மையில் வாங்குவது வெளி ஓடு மட்டுமல்ல, உள்ளேயிருக்கும் ரெஜிபோம் என்ற நுரைப் படையும்தான். அது ஒருமுறை நசுங்கினால் மீளாது, நசுங்கியது வெளியே தெரிவதும் இல்லை. எனவே பாவித்த தலைக்கவசத்தை யாரிடமும் வாங்காதீர்கள், உறவினர் சும்மா கொடுத்தாலும்.

ஜக்கெட்டுக்கு வருவோம். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மார்பளவைப் பார்த்து ஆண்களின் ஜக்கெட்டை வாங்கினால் தோள் அகன்று, தோள் பேட் மேற்கையில் வழிந்து, கை விரல் நுனிவரை நீளும். தோளளவைப் பார்த்து வாங்கினால் மார்பில் சிப் இழுபட்டு, இடுப்பில் பூட்டவே முடியாமல் போகும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், தோளும் முழங்கையும் சரியாக நிற்கும் ஜக்கெட்டை எடுத்து, இடுப்பை விட்டுக்கொடுங்கள். இடுப்பைத் தையலால் திருத்த முடியும். தோளைப் பிரித்துத் தைப்பது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். ஆனால் மார்பில் சிப் மூச்சை அடைக்காமல் பூட்ட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் பட்டிகளும், இடுப்புப் பக்கம் திறந்து அகலமாக்கும் சிப்பும் உள்ள ஜக்கெட்டுகள் கிடைத்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

நிலைக்கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டு ஜக்கெட்டை வாங்குவது வீண் வேலை. கடைவாசலில் நிற்கும் உங்கள் ஸ்கூட்டியில் ஏறி, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அப்போது முழங்கை பேட் மடங்கிய எலும்பு முனையின் மேல் நிற்கிறதா, மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, முதுகின் கீழ்ப்பகுதி திறந்து கிடக்கிறதா, கழுத்துப்பட்டி தொண்டையை நெரிக்கிறதா என்று பாருங்கள். கூட வந்தவரை மணிக்கட்டுப் பக்கமாக ஜக்கெட்டின் கையைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். துணி முழங்கைக்கு மேலே ஏறிவிட்டால், வீதியில் இழுபடும்போதும் அப்படியே ஏறும். பிறகு பேட்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக் கையைச் சுற்றித் திருப்பச் சொல்லுங்கள். கைப்பட்டியை இறுக்கிக் கட்டிய பின்னும் அது பக்கவாட்டுக்கு ஓடினால் அந்த அளவு உங்களுக்குப் பெரியது. தாலிக்கொடி அணிந்திருப்பவர்கள் சிப்பை முழுதும் பூட்டி, குனிந்து பார்க்க வேண்டும். தடித்த கொடி நெஞ்சில் அழுந்துமாயின், ஓடும்போது அதைக் கழுத்தோரம் ஒதுக்க ஒரு கையை எடுக்க நேரிடும்.

முதுகு பேட் தனியாக விற்கப்படும். அதன் அளவு இடையிலிருந்து தோள்வரையுள்ள நீளத்தைக் கொண்டு குறிக்கப்படுவதால், மேலுடல் நீளம் குறைந்த பெண்கள் ஆண்களுக்கானதை வாங்கினால் அதன் மேல்முனை தலைக்கவசத்தில் முட்டும், அல்லது கீழ்முனை இருக்கையில் குத்தும். கை, கால் பேட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என் 1621-1, முதுகுக்கானது 1621-2. இரண்டிலும் நிலை 1, நிலை 2 என்று உண்டு. 2 கூடுதலாக அடியைக் குறைக்கும். பேட்டிலே அச்சிட்ட அடையாளத்தில் ஆங்கில டீ எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்திருந்தால் அது 40 பாகை வெப்பத்திலும் சோதிக்கப்பட்டது என்று பொருள். மாங்குளத்து வைகாசி வெயிலில் நிறுத்திவைத்த ஸ்கூட்டியின் பெட்டிக்குள் ஜக்கெட்டை வைப்பவர்கள் இந்தக் குறியைத் தேடிப் பார்த்து வாங்குவது பயனுள்ளது.

துணியைப் பொறுத்தவரை ஈ.என் 17092 என்ற தரம் மூன்று ஏ, இரண்டு ஏ, ஒரு ஏ என்று தேய்வைத் தாங்கும் திறனின் இறங்குவரிசையில் வகைப்படுத்துகிறது. நம் வெயிலுக்கு வலைத்துணி ஜக்கெட்டே தாங்கும், ஆனால் தோளிலும் முழங்கையிலும் வலை இல்லாமல் கெட்டித் துணி வைத்துத் தைத்ததாகப் பார்த்து எடுங்கள். அதே தரத்தில் சீ வகை என்பது பேட்டுகளைத் தாங்கும் மெல்லிய உள்ளாடை போன்றது. தேய்வைத் தடுக்காது என்றாலும், உடலை ஒட்டி நிற்பதால் பேட் நகராது. பொருத்தமான ஜக்கெட்டே கிடைக்காதவர்கள் இதை உள்ளே போட்டு, மேலே தடித்த டெனிம் சட்டை அணிவது ஓரளவுக்கு உதவும். இரவில் கட்டாக்காலி மாடுகளும் விளக்கில்லாத உழவு இயந்திரங்களும் நிற்கும் வீதிகளில் ஓடுபவர்கள் கறுப்பை விட்டு வெளிர் நிறத்தையும் ஒளிதெறிக்கும் பட்டியையும் தேட வேண்டும்.

தையல்காரரிடம் கொடுக்கும்போது சில எல்லைகளைச் சொல்லிக் கொடுங்கள். அக்குளுக்குக் கீழே ஓடும் பக்கத் தையலையும் கையின் உட்பக்கத் தையலையும் மட்டுமே பிரிக்கலாம். தோளின் மேலும் முழங்கையின் வெளிப்புறமும் ஓடும் தையல்களைத் தொடக்கூடாது, ஏனென்றால் தேய்வு அங்கேதான் நிகழும். இடுப்பு பூட்டாவிட்டால் பக்கத் தையலைப் பிரித்து, அதே தடிப்புள்ள துணியில் முக்கோணத் துண்டு வைத்து அகலமாக்கலாம். சுடிதார் தைக்கும் எந்த அக்காவும் இதைச் செய்துகொடுப்பார். கை நீளமாயின் பேட் வைத்த உட்பையைப் பிரித்து, முழங்கையை மடக்கி எலும்பு முனையைச் சோக்கால் குறித்து, அந்த இடத்துக்கு ஏற்றித் தைக்க வேண்டும். நூல் தடித்த நைலோன் நூலாகவும் தையல் இரட்டையாகவும் இருக்கட்டும். பேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிச் சிறிதாக்காதீர்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண்கள் தங்கள் முகக்காப்பும் மார்புக்காப்பும் உரிய இடத்தில் நிற்காமல் களத்தில் இறங்குவதில்லை. வீதியில் இறங்குவதற்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

சேலையோடு ஓட்ட வேண்டியிருக்கும் ஆசிரியைகளுக்கு முழுமையான தீர்வு எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சேலை தேய்வைத் தாங்காது. என்றாலும் முந்தானையை முன்னே கொண்டுவந்து ஜக்கெட்டுக்குள் வைத்துச் சிப்பைப் பூட்டினால் சில்லில் சிக்கும் ஆபத்து நீங்கும். சேலைக்குள் லெக்கின்ஸ் போட்டு, அதன் மேல் முழங்காலுக்கு மேலும் கீழுமாக இரண்டு பட்டி உள்ள கார்ட்டைக் கட்டலாம். ஒற்றைப் பட்டி உள்ளது நடக்கும்போதே கணுக்காலுக்கு இறங்கிவிடும். சுடிதார் அணிபவர்கள் சால்வையைக் கைப்பைக்குள் வைத்துவிடுவதே முறை.

கையுறைக்குப் பெருவிரலைத் தவிர்த்து உள்ளங்கையைச் சுற்றி அளக்க வேண்டும். ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில்தான் என்பதால் விரல் நுனியில் வெறுந்துணி தொங்குவது பெருந்தொல்லை. மெல்லிய விரல் உள்ளவர்கள் உள்ளங்கை சற்று இறுக்கமாக இருந்தாலும் ஓரளவு சிறியதையே எடுக்கலாம், பாவிக்கப் பாவிக்க அது இளகும். மணிக்கட்டுப் பட்டியைப் பூட்டிய பின் விரல் நுனிகளைப் பிடித்து ஒருவர் இழுத்தாலும் கையுறை கழன்று வரக்கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் தடித்த தோலோ வழுக்கும் தகடோ இருப்பது நல்லது.

சப்பாத்து கணுக்கால் எலும்பை மூட வேண்டும், அடி வழுக்கக்கூடாது, குதி உயர்ந்திருக்கக்கூடாது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் வீதிகளில் நிறுத்தும்போது கால் வழுக்கியே பலர் சாய்கிறார்கள். கால் தரையில் எட்டாதவர்கள் குதி உயர்ந்ததைத் தேடாமல், அடி முழுவதும் ஒரே தடிப்பாக உள்ளதைத் தேட வேண்டும். ஆண்களின் சிறிய அளவில் குதிப்பகுதி அகலமாக இருப்பதால், நாடாவை முடிந்தபின் விரலில் நின்று பார்த்துக் குதி வெளியே எழுகிறதா என்று சோதியுங்கள்.

ஒன்லைனில் வாங்குவதாயின் எஸ், எம் என்ற எழுத்துகளை நம்பாமல், மார்பு, இடை, இடுப்பு, தோளிலிருந்து தோள், கழுத்தெலும்பிலிருந்து மணிக்கட்டு ஆகிய அளவுகளைச் சென்ரிமீற்றரில் விற்பவருக்கு எழுதி, அந்த ஜக்கெட்டைத் தரையில் விரித்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். உட்பக்கத் தர அடையாளத்தின் படத்தையும் கேளுங்கள். மாற்றிக்கொடுப்பார்களா, திருப்பி அனுப்பும் தபாற்செலவு யாருடையது என்பதையும் காசு கட்டுமுன் எழுத்தில் பெற்றுக்கொண்டு, பொதி வந்ததும் விலைச்சீட்டைப் பிய்க்காமல் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள்.