பெரிய டயர் மாட்டியாச்சு, ஆக்சில் கியரை என்ன செய்வது?

ஆஃப்ரோடு வண்டிக்குப் பெரிய டயர் மாட்டிய அன்றைக்கு அதன் நிற்கும் தோரணையே மாறிவிடும். கூடவே வேறொன்றும் மாறியிருப்பது முதல் மேட்டில்தான் தெரியும். நான்காவது கியரில் ஏறிய இடத்தில் மூன்றாவது கேட்கும். டாப் கியர் போட்டால் இன்ஜின் முனகும். பாறை மேல் மெல்ல ஏற்றலாம் என்று பார்த்தால் கிளட்ச் கருகும் வாடை வரும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் எந்த கியரிலும் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும்.

காரணம் எளிது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. அதனால் அதே வேகத்துக்கு இன்ஜின் முன்பைவிட மெதுவாகச் சுற்றுகிறது, அதாவது இழுவை போதாத ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) இறங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்யும் இடம் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும்.

கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். 41 பல் கிரவுனுக்கு 11 பல் பினியன் என்றால் 3.73, 10 பல் என்றால் 4.10, 9 என்றால் 4.56, 8 என்றால் 5.13. எண் கூடக்கூட இழுவை கூடும், அதே ஆர்பிஎம்மில் ஓடும் வேகம் குறையும். எண் பெரிதாக இருப்பதைத்தான் மெக்கானிக்குகள் ‘லோ ரேஷியோ’ என்பார்கள். புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். பேசும்போது லோ, ஹை என்று சொல்லாமல் எண்ணையே சொல்லிவிடுங்கள்.

படி 1: டயரை முடிவு செய்யுங்கள்

டயர் அளவு உறுதியாகும் வரை கியருக்குப் பணம் கொடுக்காதீர்கள். 33 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டு கியர் மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் 35 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் இரண்டு ஆக்சிலையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

படி 2: டயரை நீங்களே அளங்கள்

பக்கச்சுவரில் இருக்கும் எண்ணிலிருந்தே விட்டத்தைக் கணக்கிடலாம். 245/75 ஆர் 16 என்றால் 245 மி.மீ. அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதன் இரு மடங்கு, அதோடு 16 அங்குல ரிம்முக்கு 406 மி.மீ. மொத்தம் சுமார் 774 மி.மீ. இதே கணக்கில் 315/75 ஆர் 16 சுமார் 879 மி.மீ. வரும். 35 அங்குலம் என்று விற்கப்படும் அளவு இது, கணக்குப்படி 34.6தான்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயரிலுள்ள கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி தரைக்கு வரும் வரை நேராகத் தள்ளுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே டேப் பிடித்தால், வண்டியின் எடையில் டயர் அமுங்கியதும் சேர்ந்த உண்மையான சுற்றளவு கிடைக்கும். புது டயர் இன்னும் வாங்கவில்லையா? அதே டயர் மாட்டிய நண்பரின் வண்டியில் அளந்துவிடுங்கள். நம் உதாரணத்துக்குப் பழைய டயர் 236 செ.மீ., புதியது 268 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: இப்போது உள்ளே என்ன விகிதம் இருக்கிறது?

சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் (ஆக்சிலில் இந்தப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் கூடு) ஒரு தகட்டில் எழுதியிருக்கும், அல்லது கதவோரப் பட்டையில் குறியீடாக இருக்கும். ஆனால் கைமாறி வந்த வண்டியில் இதை முழுதாக நம்ப மாட்டேன். தகட்டில் 3.73 என்று இருந்த ஒரு வண்டியில் நான் எண்ணிப் பார்த்தபோது 4.10 வந்தது. முன்பு வைத்திருந்தவர் கியரை மாற்றிவிட்டுத் தகட்டை அப்படியே விட்டிருக்கிறார்.

எண்ணும் முறை இது. முன் சக்கரங்களுக்கு நன்றாக அடை வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு. தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள், கூட ஒருவர் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணட்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் 20 சுற்றினால் கிரவுன் வீல் 10 சுற்றுதான் சுற்றும். ஆகவே ஷாஃப்ட் 41 சுற்றினால் 4.10, முப்பத்தேழேகாலைத் தாண்டி நின்றால் 3.73. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைக்கும் லாக்கர் உள்ள ஆக்சிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, இரண்டும் சேர்ந்து 10 சுற்று சுற்றினாலே போதும்.

படி 4: கணக்கு

பழைய விகிதத்தைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுக்க வேண்டும்.

3.73 × 268 ÷ 236 = 4.24

அதாவது 4.24 போட்டால் பழைய குணம் திரும்பும். ஆனால் நம் பட்டியலில் 4.24 இல்லை. ஒரு பக்கம் 4.10, மறுபக்கம் 4.56. எதை எடுப்பது?

படி 5: நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் எவ்வளவு?

வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி, டயர் சுற்றளவால் வகுத்து, ஆக்சில் விகிதத்தாலும் டாப் கியர் விகிதத்தாலும் பெருக்குங்கள். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர். டாப் கியர் 0.8 என்று எடுத்துக்கொண்டால், பழைய டயரோடு சுமார் 2,110 ஆர்பிஎம். டயரை மட்டும் மாற்றியபின் 1,860. அந்த முனகல் இதுதான். 4.10 போட்டால் 2,040, 4.56 போட்டால் 2,270.

என் ஓட்டு 4.56-க்கு. நம் சூத்திரத்துக்கு டயரின் விட்டம் மட்டும்தான் தெரியும். டயரின் கூடுதல் எடையும், உயர்த்திய வண்டி காற்றைக் கிழிக்கப் படும் பாடும், முன்னால் தொங்கும் வின்ச்சும் அதற்குத் தெரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் விடை வந்தால் ஒரு படி மேலே போவதே பெரும்பாலும் சரி. ஓட்டத்தில் முக்கால்வாசி நெடுஞ்சாலைதான், இன்ஜினும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும் டீசல் என்றால் 4.10-உம் கெட்ட தேர்வு அல்ல.

பாறையில் ஊர்வதற்கு முதல் கியர், லோ ரேஞ்ச் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியர்), ஆக்சில் மூன்றின் விகிதங்களையும் பெருக்கிப் பாருங்கள். 4.0 × 2.5 × 3.73 = 37.3. டயரை மட்டும் பெரிதாக்கினால் இது பழைய டயர்க் கணக்கில் 32.8 ஆகச் சுருங்கிவிடும். 4.56 போட்டால் 40.2. சாலையில் குறை இல்லை, ஊர்வதில் மட்டும்தான் குறை என்றால் ஆக்சிலைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் கியரை மட்டும் மாற்றுவதையும் யோசிக்கலாம்.

படி 6: வாங்கும் முன்

முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் ஒரே விகிதம் வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

விகிதம் ஏற ஏற பினியன் சிறுத்துக்கொண்டே போகும், பலமும் குறையும். 5.13 இருக்கிறதே என்று தேவையில்லாமல் அதற்குத் தாவ வேண்டாம். பினியன் சிறுத்தால் கிரவுன் வீல் அதனருகே நகர வேண்டும் என்பதால், சில ஆக்சில்களில் ஒரு விகிதத்துக்கு மேல் போனால் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரையே மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு, டானா 44 என்ற ஆக்சில் மாடலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறொன்று. கடையில் ஆர்டர் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 7: மாட்டுவதும் பழக்குவதும்

முதல் முறையாகச் செய்பவர் இதைத் தானே மாட்ட முயல வேண்டாம். பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி) எல்லாவற்றையும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிய பிறகு பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அது பல்லின் உச்சிக்கோ அடிக்கோ ஒதுங்காமல் நடுவில் விழுந்திருக்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம் 25 கி.மீ. அளவோடு நிற்கட்டும், அதுவும் நிதானமாக. வண்டியை முழுதாக ஆறவிட்டு அப்புறம் எடுங்கள். முதல் 800 கி.மீ. வரை எதையும் கட்டி இழுக்க வேண்டாம். அதன் பிறகு ஆக்சில் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடிகிற ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் பயமில்லை, விரலில் நெருடும் துகள் இருந்தால் ஹவுசிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.