ஆயாவிடம் ‘நான் யாரு?’ என்று கேட்காதீர்கள்

எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவளுக்கு, டிமென்ஷியா என்ற மறதிநோய். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் நேராக ஆயாவின் கட்டிலுக்குப் போய் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். “நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?” ஆயா சிரித்துச் சமாளிப்பாள். “தெரியாமப் போவுமா” என்பாள். விட மாட்டார்கள். “அப்ப பேரைச் சொல்லுங்க!” அதற்குள் ஆயாவின் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்திருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நானே காலையும் மாலையும் கேட்டவன். வாய்ப்பாடு ஒப்பிக்க ஒப்பிக்க மனப்பாடம் ஆவதுபோல இதுவும் ஆகும் என்று நம்பினேன். ஆகாது. அல்சைமர் வகை டிமென்ஷியாவில், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதிதான் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. காலையில் இட்லி சாப்பிட்டது பதியவே இல்லை என்றால், எத்தனை முறை கேட்டாலும் எங்கிருந்து எடுத்துத் தருவாள்? ஆனால் பதில் தெரியாமல் கூசியது மட்டும் தங்கிவிடும். நடந்தது மறந்த பிறகும் அது கிளப்பிய உணர்ச்சி கொஞ்ச நேரமாவது நிற்கும். இப்போதெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: “ஆயா, சின்னவன் வந்துட்டேன், காலேஜ் விட்டாச்சு.”

அடுத்த தவறு, திருத்துவது. படித்த பிள்ளைகளுக்கு இது கை அரிப்பு மாதிரி. ஆயா பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். இன்றைக்கும் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் எழுந்து உட்கார்ந்து, “மாட்டை அவுத்து வுடு” என்பாள். ஒருநாள் நான் பொறுமையாக விளக்கினேன்: அது 2011, இது கடலூர், மாடெல்லாம் விற்றாகிவிட்டது. மாடு விற்ற சேதி ஆயாவுக்கு அப்போதுதான் புதிதாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் அழுதாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து, “அவுத்து வுட்டாச்சு அத்தை” என்றாள். ஆயா படுத்துக்கொண்டாள்.

இது பொய்தானே என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. மாட்டு விஷயத்தில் இப்போது உறுத்தல் இல்லை. தாத்தா எங்கே என்று கேட்கும்போது மட்டும் “வந்துடுவாரு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. “தாத்தா என்ன வேலை பாத்தாரு ஆயா?” என்று கேட்பேன். பேச்சு கரும்பு வெட்டு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை என்று போய்விடும். சில நாள் போகாது. அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பொழுது சாய்ந்தால் பலருக்குக் குழப்பம் கூடும். “வூட்டுக்குப் போவணும்” என்று ஆயா கிளம்புவதும் அந்நேரம்தான். கதவைப் பூட்டி மல்லுக்கு நிற்காதீர்கள். “சரி, பஸ் வர நேரமாவும், காபி குடிச்சிட்டுப் போவலாம்” என்று சொல்லிக் குடித்துவிட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் தணிந்துவிடும். சாயங்காலமே விளக்கைப் போட்டுவிடுங்கள். நிழல்கூட அவர்களைப் பயமுறுத்தும்.

எங்கள் வீட்டையே இரண்டாக்கியது திருட்டுப் பழி. “என் காசை உங்கம்மா எடுத்துட்டா” என்று ஆயா என்னிடம் சொன்னாள். நானும் அசடு மாதிரி அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பணம் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. ஒளித்து வைத்தது மறந்துவிடுகிறது, வழக்கமாக வைக்கும் இடத்தில் பொருள் இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தை மூளை இப்படித்தான் அடைத்துக்கொள்கிறது. கூடவே இருந்து குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவர்மேல்தான் பழி விழும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பது அவர்தான். மறுக்கவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். “வா ஆயா, சேந்து தேடுவோம்.” அரிசி டப்பா, தலையணை உறை, சாமிப்படத்துக்குப் பின்னால் என்று எங்களிடம் இப்போது ஒரு வரிசையே இருக்கிறது.

எல்லாவற்றையும் டிமென்ஷியா கணக்கில் எழுதுவதுதான் இவற்றில் ஆபத்தானது. ஒரு மாசியில் ஆயா இரண்டே நாளில் தலைகீழாக மாறினாள். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி சுவரோடு பேச்சு. “நோய் முத்திடுச்சு” என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பழைய ஆயா திரும்பினாள். டிமென்ஷியா பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். ஓரிரு நாளில் புரட்டிப்போட்டால் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு என்று வேறு ஏதோ இருக்கும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரைகூட குழப்பத்தைக் கூட்டும்.

ஆரம்பத்திலும் இப்படித்தான் கோட்டைவிட்டோம். முதலில் பார்த்த டாக்டர் “வயசானா மறதி சகஜம்” என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிட்டோம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியாகத் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். நரம்பியல் மருத்துவரையே பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரி ஜிப்மர் ஒரு பஸ் தூரம்தான்.

ஆயாவுக்குக் கஷ்டம் வேண்டாமென்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டதும் தப்பு. கேஸ் அடுப்பைப் பிடுங்கியது சரி. முருங்கைக்கீரை உருவுவதையும் ஏன் பிடுங்கினோம்? எத்தனை புள்ளிக் கோலம் என்று கேட்டால் விழிப்பாள், கோலமாவைக் கையில் கொடுத்தால் புள்ளி தானாக விழுகிறது. சந்தோஷப்படுவாள் என்று மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். அந்தக் கூட்டத்திலும் மேளத்திலும் மிரண்டுபோய் என் சட்டையை விடவே இல்லை. அதே கடற்கரைக்குச் சாதாரண நாள் காலையில் போனால் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அவள் உளறுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். டாக்டரிடம் காட்ட என்றால் எடுக்கலாம். அதே சமயம் ஒளித்தும் வைக்காதீர்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முனைக்கடை அண்ணனிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொல்லிவைத்தோம், ஆயாவின் சுருக்குப்பைக்குள் போன் நம்பர் எழுதிப் போட்டோம். ஒருமுறை தனியாகக் கிளம்பியவளை ஆட்டோக்காரர்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

கடைசியாக ஒன்று. “நீ சொன்னாத்தான் ஆயா கேக்குது” என்பார்கள். பெருமையாக இருக்கும். அப்புறம் பார்த்தால் ராத்திரிக் காவல் முழுக்க உங்கள் தலையில்தான். எனக்கு ஒரு செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்தது, ஆயா மேல் கத்தியும் விட்டேன். அந்த நிலைக்கு வருமுன் வாயைத் திறந்து கேளுங்கள். மனசு தாங்காவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567. நான் நெய்வேலிச் சித்தப்பாவைக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையது என்று ஆனது. முதல் ஞாயிறு, பெற்ற பிள்ளையை ஆயா கரண்ட் ஆள் என்று நினைத்து, ஃபேன் ஏன் கிறீச்சிடுகிறது என்று அதட்டினாள். சித்தப்பா ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார்.