அறிவியல் புனைகதையில் விசாரணைக் காட்சி: மனச்சாட்சியும் சாதனை வெறியும் மோதும் இடத்தில் நேரும் தவறுகள்

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்கும் பலரும் விரைவிலேயே ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் வந்தடைகிறார்கள். ஒரு நாற்காலியில் தன் ஆய்வு வெற்றி பெறுவதற்காக மனித உயிர்களைப் பொருட்படுத்தாத ஒருவர். எதிரில், அவரைக் கேள்வி கேட்கும் மனச்சாட்சியுள்ள ஒருவர். விண்கலப் போரோ வேற்றுக்கோளின் நிலப்பரப்போ தேவைப்படாத காட்சி என்பதால் எளிதாக எழுதிவிடலாம் என்று தோன்றும். நான் எழுதிய முதல் விசாரணைக் காட்சியில் விசாரணை அதிகாரி ஒன்றரைப் பக்கம் மூச்சுவிடாமல் பேசினார், எதிரில் இருந்தவர் தலைகுனிந்தார், கதை முடிந்தது. படித்த நண்பர் ஒருவர், “எல்லாம் சரி, விசாரணை எப்போது நடக்கும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் முதல் தவறைக் காட்டிக்கொடுத்தது. மனச்சாட்சி என்றால் அறவுரை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். விசாரணையோ கேள்வியால் நகர்வது. அதுவும், பதில் தெரிந்த கேள்விக்கும் தெரியாத கேள்விக்கும் இடையிலுள்ள வேறுபாட்டால் நகர்வது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை எப்போது உடைக்கிறாள் என்று கவனித்தால் இது விளங்கும். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. அந்த ஒரு விடை முன்னால் வராமல் உடைத்திருந்தால் அது வெறும் கோபமாகப் போயிருக்கும்.

அறிவியலாளர் ஒருவர் இருந்த நாற்காலியையும் பார்க்கலாம். 1954 ஏப்ரல், மே மாதங்களில் வாஷிங்டனில், அமெரிக்காவின் முதல் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி, அதாவது அரசு ரகசியங்களை அறியும் உரிமை, குறித்த விசாரணை நடந்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் அவர் 1943-இல் பேசிய பேச்சு அவருக்குத் தெரியாமல் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தது; அதன் எழுத்துப்படி, குறுக்கு விசாரணை செய்த ரோஜர் ராப் என்பவரின் கையில் இருந்தது. அன்று சொன்னது கட்டுக்கதை என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்த பிறகு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ராப் சுருக்கமாகக் கேட்டார். நான் ஒரு முட்டாளாக இருந்ததால் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பெறுவதற்கு நீண்ட உரை எதுவும் தேவைப்படவில்லை.

இதே விசாரணை இரண்டாவது தவறையும் சுட்டுகிறது. கேள்வி கேட்பவர் நல்லவர், பதில் சொல்பவர் கெட்டவர் என்று நாற்காலிகளை நாம் முன்கூட்டியே பங்கிட்டு விடுகிறோம். ஹைட்ரஜன் குண்டைப் பற்றித் தயக்கம் தெரிவித்த ஓப்பன்ஹைமர் அன்று பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். அதிகாரம் கேட்கும் இடத்தில் இருந்தது. (அவரது அனுமதியைப் பறித்த அன்றைய முடிவை அமெரிக்க எரிசக்தித் துறை 2022 டிசம்பரில்தான் ரத்து செய்தது.) ஆனால் அதே மனிதர் அதே அறையில் இன்னொன்றையும் சொன்னார்: தொழில்நுட்ப நோக்கில் இனிப்பான ஒன்றைக் கண்டால் முதலில் அதைச் செய்துவிடுகிறோம், அதை என்ன செய்வது என்ற விவாதத்தை வெற்றிக்குப் பிறகே வைத்துக்கொள்கிறோம் என்ற பொருளில். மனச்சாட்சியும் சாதனை வெறியும் ஒரே உடலில் இருந்து பேசுகின்றன. கதை எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. நாமோ அந்த இரண்டையும் பிரித்து இரண்டு பாத்திரங்களுக்குக் கொடுத்து, இரண்டையும் தட்டையாக்கி விடுகிறோம்.

அடுத்தது, தான் கொடியவன் என்று தெரிந்து வைத்திருக்கும் கொடியவன். “அறிவியல் வளரத் தியாகம் தேவை!” என்று முழங்கும் பாத்திரத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெறி கொண்டவர் தன் தரப்பை நியாயம் என்று நம்ப வேண்டும். அந்த நியாயத்தில் வாசகரால் எளிதில் மறுக்க முடியாத ஒரு பகுதியும் இருக்க வேண்டும். நியூரம்பர்கில் 1946 டிசம்பரில் தொடங்கிய நாஜி மருத்துவர்கள் வழக்கில், வதை முகாம்களில் மனிதர்கள் மீது சோதனை நடத்தியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 23 பேர் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களது தரப்பு, அமெரிக்கச் சிறைக் கைதிகள் மீது நடந்த மலேரியா சோதனைகளை எடுத்துக்காட்டியது. அந்த வாதம் அவர்களது குற்றத்தைக் கழுவவில்லை. ஆனாலும் கேட்பவரின் கையும் சுத்தமா என்ற கேள்வியை அது மேசைமேல் வைத்தது. 1947-இல் வந்த தீர்ப்பு, மனிதர்கள் மீதான ஆய்வுக்கு 10 நெறிகளை வகுத்துச் சொன்னது. எதிராளிக்கு வலுவான வாதம் கொடுக்க அஞ்சும் எழுத்தாளர், தன் மனச்சாட்சிப் பாத்திரத்தை நம்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அறிவியல் புனைகதைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. இதில்தான் கூடுதலாகக் கைப்பிரதிகள் பாழாகின்றன. மூளையைப் படிக்கும் கருவியை அறைக்குள் கொண்டுவருவதைச் சொல்கிறேன். உண்மை முழுவதையும் கருவியே திரையில் காட்டிவிடுமானால் கேள்விக்கு வேலை இல்லை. காட்சி ஒரு பரிசோதனை அறிக்கையாகச் சுருங்கிவிடும். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லப்படும் நம் காலத்துப் பாலிகிராஃபே நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறதே தவிர, பொய்யை அளப்பதில்லை. ஊழியர்களைச் சலித்தெடுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கு அதன் துல்லியம் போதாது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2003 அறிக்கை கூறியது. கற்பனைக் கருவிக்கும் இப்படி ஓர் எல்லை வேண்டும். நிகழ்ந்தது தெரியட்டும், ஏன் நிகழ்ந்தது என்பது தெரியாமல் இருக்கட்டும். அல்லது கேட்பவரின் மனத்தையும் அந்தக் கருவி அதே திரையில் காட்டட்டும்.

ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்வோம். நெடும்பயணக் கலத்தில் 600 பேர் உறைதுயிலில் இருக்கிறார்கள். தலைமை ஆய்வாளர் 40 பேழைகளை அணைத்து, அந்த மின்சாரத்தைத் தன் ஆய்வுக்கூடத்திற்குத் திருப்பிவிடுகிறார். “நாற்பது உயிர்களைக் கொல்ல எப்படி மனம் வந்தது?” என்று அதிகாரி கேட்பதாகத்தான் முதல் வரைவில் வரும். கலத்தின் பதிவேடு அதிகாரியின் கையில் இருப்பதை நினைவில் கொண்டு திருத்தினால் இப்படி அமையும்:

“பதினேழாம் பேழையை எப்போது அணைத்தீர்கள்?”

“நான்கு பத்துக்கு.”

“பதினெட்டை?”

“நான்கு பதினொன்றுக்கு.”

“அதற்குப் பிறகு மிச்சமிருந்த இருபத்திரண்டுக்கும் சேர்த்து இரண்டே நிமிடம். பதினெட்டுக்கு மட்டும் ஏன் ஒரு முழு நிமிடம்?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. “மூடிமேல் இருந்த பெயரைப் படித்துவிட்டேன்” என்றார். “அடுத்ததிலிருந்து படிக்கவில்லை.”

குற்றம் என்ற சொல்லே வரவில்லை. நேரக் குறிப்பு மட்டுமே கேட்கப்பட்டது. மனச்சாட்சி இருந்ததும், அதை அவர் அணைத்ததும் அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இந்தக் காட்சி இன்னும் பாதிதான். கேட்பவருக்கு இழக்க எதுவும் இல்லாதவரை அவருடைய நேர்மை விலையில்லாத நேர்மை. ஆகவே ஆய்வாளர் நிமிர்ந்து, “பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயர் யாருடையது என்று பார்த்தீர்களா?” என்று கேட்கட்டும். அது அந்த அதிகாரியின் பெயர். நாற்பது போதும் என்று ஆய்வாளர் நிறுத்திக்கொண்டதால்தான் அவர் விழித்தெழுந்து இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார். அடுத்த கேள்வியை அவர் எப்படித் தொடங்குவார் என்பதை இனி வாசகரால் ஊகிக்க முடியாது.

அடியும் உதையும் குறுக்குவழி என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படைக்காகக் கைதிகளை விசாரித்த ஹான்ஸ் ஷார்ஃப், அவர்களோடு காட்டில் உலாவியபடி நட்பாகப் பேசியே வேண்டியதைப் பெற்றார். தாங்கள் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. இரக்கமற்ற வெறியை மென்மையான குரலில் எழுதிப் பார்க்க விரும்புவோருக்கு இது உதவும். குவாண்டம், நரம்பிழை என்று கலைச்சொற்களைக் கேள்விக்குள் திணிப்பதும் அடி உதையைப் போலவே ஒரு குறுக்குவழிதான்: நெருக்கடியில் இருப்பவர் சிறு சொற்களில்தான் பேசுவார்.

கடைசியாக, கதறி அழுது ஒப்புக்கொள்ளும் முடிவு. அணு ஆய்வில் ஈடுபட்ட ஜெர்மானிய அறிவியலாளர்கள் 10 பேரை 1945 ஜூலை முதல் இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் தங்கவைத்து, அவர்கள் பேசியதை ஒளித்துவைத்த ஒலிவாங்கிகள் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளின் எழுத்துப்படி 1992-இல் வெளியானது. ஹிரோஷிமா செய்தி வந்த ஆகஸ்ட் 6 அன்று, அணுப்பிளவைக் கண்டறிந்த ஓட்டோ ஹான் அந்த மரணங்களுக்குத் தானே பொறுப்பு என்று உடைந்துபோனார். அங்கிருந்த இயற்பியலாளர் ஹைசன்பெர்க் முதலில் செய்தியையே நம்பவில்லை. சில நாட்களில் அந்தக் குண்டு எப்படி வேலை செய்திருக்கும் என்று கணக்கிட்டு, மற்றவர்களுக்கு விரிவுரை நடத்தினார். அந்த வீட்டில் யாரும் எதிரில் உட்கார்ந்து அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. உங்கள் அதிகாரி கோப்பை மூடிவிட்டு வெளியே போன பிறகும் பதிவுக்கருவி ஓடிக்கொண்டே இருக்கட்டும். தனியாக விடப்பட்ட ஆய்வாளர் முதலில் முணுமுணுப்பது பதினெட்டாம் பேழையின் பெயரையா, பாதியில் நின்றுபோன கணக்கையா என்பதை எழுதிப் பாருங்கள்.